நின்றால் எவ்வளவு இழுக்கும்

கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம். மேலே ஊதா நிறப் பிளாஸ்டிக் உறை. ஒரு முனையிலிருந்து தலைமுடி போன்ற ஒயர்கள், ஒவ்வொன்றும் ஒரு நிறம். உறையின் நடுவில் மிளகு அளவுக்கு ஒரு கரும்புள்ளி, அதைச் சுற்றிப் பழுப்பாகச் சுருங்கிய வளையம். பெங்களூரில் நான் தங்கியிருக்கும் அறையில், ஃபிலிம் ரோல் வரும் கறுப்பு டப்பா ஒன்றில் இதைப் போட்டு வைத்திருக்கிறேன். மூடியைத் திறந்தால் கருகல் வாசனை இன்னும் வருகிறது என்று சொன்னேன். அறைத்தோழி மோந்து பார்த்துவிட்டு ஒன்றும் வரவில்லை என்றாள். எனக்கு வருகிறது. இது ஒரு பொம்மை ரயில் எஞ்சினின் வயிற்றுக்குள் உட்கார்ந்து கூவிய சில்லு. சவுண்டு டிகோடர் என்று பெயர். நான் தேர்ந்தெடுத்தது. நான்கு நாள் கூவியது.

இதைப் பார்க்கும்போது எனக்கு எஞ்சின் நினைவுக்கு வருவதில்லை, ஃபிட்டரண்ணன் நினைவுக்கு வருகிறார். அண்ணன் என்றாலும் என்னைவிட ஆறேழு வயதுதான் மூப்பு. போத்தனூர் பக்கத்து ஸ்பின்னிங் மில் ஒன்றில், எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு மெயின்டனன்ஸில் சேர்ந்த முதல் பெண் நான். அவர் அங்கே ஆறு வருடமாக டெம்ப்ரவரி. ஐ.டி.ஐ. படிப்பு. எந்த மோட்டாரையும் உள்ளங்கை வைத்துப் பார்த்தே சூடு சொல்வார், உடனே மீட்டரை எடுத்து அளந்தும் பார்ப்பார். இரண்டும் ஒத்துவந்தால் மீட்டரைப் பார்த்து "நீயும் பரவால்ல" என்பார். கோபிசெட்டிபாளையத்தில் அவருக்கு ஒரு பெண் பார்த்து வைத்திருந்தார்கள். பெண்ணின் அப்பா வாழைத் தோட்டக்காரர், "டெம்ப்ரவரிக்கெல்லாம் பொண்ணக் குடுக்கறதில்லீங்க" என்று சொல்லிவிட்டார். மில்லில் ஆயுத பூசை முடிந்த மறுநாள் பர்மனெண்ட் ஆனவர்கள் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவது வழக்கம். அந்த வருடம் அவர் பெயர் வரும் என்று மேனேஜரே சொல்லியிருந்தார். அதனால் பூசைக்கு முந்தைய மூன்று மாதமும் மில்லில் யாரைப் பார்த்தாலும், "பட்டியல் ஒட்டட்டுமுங்க, கோபில பந்தி போட்டுப்போடறேன்" என்றுதான் பேச்சு.

எங்கள் முதலாளிக்குப் பிறந்த ஊர் காரமடை. சின்ன வயதில் மேட்டுப்பாளையம் வண்டி தன் வீட்டுப் பின்பக்கமாகப் புகைவிட்டுக்கொண்டு போனதை, எந்தப் பேச்சிலிருந்தும் சுற்றிவளைத்து எடுத்துவிடுவார். இயந்திரக் கண்காட்சிக்கு ஜப்பான் போன இடத்தில் ஒரு பித்தளை நீராவி எஞ்சின் வாங்கி வந்தார். ஒரு சாணுக்கு மேலே கொஞ்சம் நீளம். ஆணி, குழாய், படிக்கட்டு எல்லாம் அப்படியே. அதற்காக மில் கெஸ்ட் ஹவுஸின் மாடி ஹால் முழுவதும் மேசை போட்டுத் தண்டவாளம் அமைத்தார். மேசை, தண்டவாளம், ஒயரிங் எல்லாம் ஃபிட்டரண்ணன் கைவேலை. அதைச் செய்யச்சொல்லி அவரை மில்லிலிருந்து அடிக்கடி மேலே கூப்பிட்டுக்கொள்வார்கள். பிறகு என்னையும் கூப்பிட்டார்கள்.

"ஏனுங் அம்மணி, நாலு வருசம் காலேஜுல படிச்சது பொம்மைக்கு ஒயர் மாட்டவா?" என்றார் ஃபிட்டரண்ணன் முதல் நாளே.

"நீங்க மட்டும் என்னங்ணா, பொம்மைக்குத் தண்டவாளந்தான போடறீங்க."

"நானு டெம்ப்ரவரிங்க. டெம்ப்ரவரிக்கு எந்த வேலையா இருந்தா என்னங்க."

பழைய முறையில் தண்டவாளத்துக்குப் போகும் மின்சாரத்தைக் கூட்டினால் எஞ்சின் ஓடும், குறைத்தால் நிற்கும். அவ்வளவுதான். அமெரிக்காவில் அப்போது புதிதாக ஒரு முறை வந்திருந்தது. தண்டவாளத்தில் எப்போதும் ஒரே அளவு மின்சாரம். அதோடு சேர்ந்து கட்டளைகளும் போகும். எஞ்சினுக்குள் இருக்கும் டிகோடர் தனக்கான கட்டளையை மட்டும் பிரித்தெடுத்து மோட்டாரை ஓட்டும். அதிலும் சவுண்டு டிகோடர் என்றால், நிஜ எஞ்சினின் கூவலையும் புகைமூச்சையும் தனக்குள் வைத்திருந்து, ஒரு ரூபாய் காசு அளவு ஸ்பீக்கர் வழியாக வெளியே விடும். முதலாளியின் தம்பி அமெரிக்காவில் இருந்தார். விடுமுறைக்கு வந்தவர் இரண்டு டிகோடர்களின் விவரத்தாளையும், இரண்டின் ஒலியைப் பதிந்த கேசட்டையும் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். எது என்று நீயே சொல்லம்மா, ஊர் திரும்பியதும் வாங்கி அனுப்புகிறேன் என்றார். எனக்கு இருபத்திரண்டு வயது. அப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் அதுவரை கேட்டதில்லை. அன்று மதியம் சாப்பிடக்கூட இல்லை, விவரத்தாளை நாலு தடவை படித்தேன்.

கேசட்டைக் கேட்க முதலாளி அறையில் கூடினோம். முதலாவது டிகோடரின் கூவல், தூரத்தில் தொடங்கி நெருங்கி வந்து தேய்வது போல இருந்தது. முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். "காரமடைதான். அப்படியே எங்க ஊட்டுப் பொறத்தால கூவற மாதிரியே இருக்குது" என்றார். இரண்டாவது சைக்கிள் ஹாரன் மாதிரி ஒலித்ததும் ஃபிட்டரண்ணன் ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்தார். "என்னப்பா?" என்றார் முதலாளி. "பால்காரரு வந்துட்டாருங்களோன்னு பாத்தனுங்க." முதலாளி மேசையைத் தட்டிச் சிரித்தார். அந்தச் சிரிப்போடு முடிவு முக்கால்வாசி ஆகிவிட்டது.

ஆனால் விவரத்தாளில் கூவலைத் தவிர வேறொன்றும் இருந்தது. ஒரு டிகோடர் மோட்டாருக்கு எவ்வளவு மின்சாரத்தைக் கடத்தித் தாங்கும் என்ற எண். காரமடைக் கூவல் ஒரு ஆம்பியர். பால்காரர் இரண்டு ஆம்பியர். நான் எஞ்சினை ஓடவிட்டு மீட்டர் வைத்துப் பார்த்தேன். புள்ளி நாலுதான் இழுத்தது. ஒரு ஆம்பியர் தாராளம் என்று முதலாளியிடம் ஓடிப்போய்ச் சொல்லிவிட்டேன். நோட்டில் நீல மையில், 'ஓடும்போது: 0.4' என்று எழுதினேன். படித்த படிப்பு வீண்போகாமல் அதற்குக் கீழே 'நின்றால்:' என்றும் எழுதினேன். அந்த இடத்தைக் காலியாக விட்டேன்.

ஃபிட்டரண்ணன் என் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தார். "கீழ ஒண்ணையும் காணமுங்களே."

"அது எச்சா வராதுங்ணா. பொம்மை மோட்டார்தான."

"ஓடறப்ப எல்லா மோட்டாரும் நல்ல புள்ளைதானுங்க. சக்கரத்தப் புடிச்சு நிறுத்திப் பாருங்க, அப்பத்தான கொணம் தெரியும். கார்டிங் மிசின்ல பஞ்சு சிக்கி நின்னு எத்தன மோட்டார் எரிஞ்சிருக்குதுன்னு ஸ்டோர்ல கேளுங்க."

எனக்கும் தெரியும். சக்கரம் சுழல முடியாமல் நின்றால் மோட்டார் பல மடங்கு இழுக்கும் என்பது இரண்டாம் வருடப் பாடம், நான் அதில் நல்ல மார்க் வாங்கியவள். ஆனால் ஒரு ஆம்பியர் போதும் என்று முதலாளியிடம் சொல்லியாகிவிட்டது. அவர் தம்பி மறுநாள் காலை கிளம்புகிறார். அளந்து பார்த்து எண் கூடுதலாக வந்துவிட்டால், காரமடை இல்லை, பால்காரர்தான் என்று போய்ச் சொல்ல வேண்டும். அதனால், "பித்தளை எஞ்சினுங்ணா, புடிச்சு அழுத்தி ஏதாச்சும் ஆயிட்டா யாரு பதில் சொல்றது" என்றேன்.

"ஒரு நிமிசம் ஆகுமுங்களா?" என்றார். நான் நோட்டை மூடினேன். "சரி, படிச்சவங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கோணும்" என்று சிரித்துவிட்டு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போனார். அந்தச் சிரிப்பில் குத்தல் இருந்தது. நியாயமான குத்தல். அதற்காக இரண்டு நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை நான்.

டிகோடர் வந்து சேர்ந்தபோது ஆயுத பூசைக்கு ஒரு வாரம் இருந்தது. எஞ்சினுக்குப் பின்னால் ஒட்டிவரும் நிலக்கரி வண்டிக்குள் ஸ்பீக்கரைப் பொருத்த ஃபிட்டரண்ணன் அடியில் பதினாறு துளை போட்டுக் கொடுத்தார். பூனைமுடி கனத்தில் துளைகள். நான் ஒயர்களைப் பற்றவைத்தேன். முதல் தடவை அது மூச்சுவிட்டபோது, சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற நாலு மூச்சு சரியாக வந்தபோது, நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்த ஒரு கணத்துக்காக அந்த வேலையை நான் சம்பளமில்லாமல்கூடச் செய்திருப்பேன். முதலாளி தினமும் சாயங்காலம் மேலே வந்து கூவவிட்டுக் கேட்டார். வீட்டம்மாவைக் கூட்டிவந்து கேட்கவைத்தார். நான்கு நாள் அப்படிப் போனது.

எங்கள் பக்கத்து மில்களில் ஆயுத பூசை என்றால் சும்மா சாமி கும்பிடுவதோடு முடியாது. ஒவ்வொரு இயந்திரத்தையும் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து, வண்டி வாகனம் எல்லாவற்றின் சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்கிய பிறகுதான் பொரி கடலை. அந்த வருடம் பூசை முடிந்ததும், வேறு மில்காரர்களும் ஒறம்பரைச் சொந்தபந்தங்களுமாக முப்பது பேருக்குமேல் கெஸ்ட் ஹவுஸ் மாடிக்கு ஏறிவந்தார்கள். எஞ்சினின் நெற்றியில் ஃபிட்டரண்ணன் குண்டூசித் தலையால் தொட்டு ஒரு பொட்டு வைத்திருந்தார். எல்லாரும் ரசித்தார்கள். கூட்டத்தில் ஒரு பெரியவர், "ஏனுங்க, இதும் வண்டிதான? இதுக்கு எலுமிச்சம்பழம் இல்லீங்களா?" என்றார். முதலாளிக்கு அது பிடித்துப்போயிற்று.

"பழம் எஞ்சின விட ஒசரமுங்க" என்றார் ஃபிட்டரண்ணன். சிரிப்பு.

"சுண்டைக்காய் வெக்கலாங்க சார்" என்றேன் நான்.

அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. "பாத்தீங்களா எங்க இஞ்சினீர" என்றார் முதலாளி. எனக்குத் தரையில் கால் பாவவில்லை. ஃபிட்டரண்ணன் கீழே சமையல்கட்டுக்குப் போய் ஒரு சின்னத் தட்டில் மூன்று சுண்டைக்காய் கொண்டுவந்தார். ஒன்றைத் தண்டவாளத்தில் வைக்கக் குனிந்தவர், என் பக்கம் திரும்பி மற்றவர்களுக்குக் கேட்காமல், "மாட்டி நின்னுக்கிட்டாத் தாங்குமுங்களா அம்மணி?" என்றார்.

"தாங்கும். வெய்ங்ணா" என்றேன்.

எஞ்சின் கூவிக்கொண்டு வந்தது. காயின் மேல் முன்சக்கரம் ஏறியது, காய் நசுங்காமல் உருண்டு பெரிய சக்கரத்துக்கும் அதைத் தள்ளும் கம்பிக்கும் நடுவில் ஆப்பு மாதிரிச் செருகிக்கொண்டது. எஞ்சின் நின்றது. "ஏறட்டும், ஏறட்டும்" என்று முதலாளி குமிழை முழுக்கத் திருப்பினார். நான் கையை நீட்டியிருக்கலாம், மின்சாரத்தை நிறுத்த ஒரு பொத்தான்தான். முப்பது பேர் முன்னால் முதலாளியின் கையைத் தட்டிவிட எனக்குத் தைரியம் வரவில்லை. கூவல் நடுவில் அறுந்தது. எஞ்சினின் வயிற்றிலிருந்து நூல் மாதிரிப் புகை எழும்பியது. ஒரு குழந்தை, நிஜப் புகை என்று கைதட்டியது.

"யாரு அந்தக் காய வெச்சது?" என்றார் முதலாளி. குரல் உயரவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வைத்ததுதான், இருந்தாலும் கேட்டார்.

"நானுங்க" என்றார் ஃபிட்டரண்ணன். தட்டு இன்னும் அவர் கையில் இருந்தது. மீதி இரண்டு காய் அதில் உருண்டன. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். கெஞ்சவில்லை, முறைக்கவில்லை. அடுத்து நான் பேச வேண்டிய முறை என்பதுபோலச் சும்மா பார்த்தார்.

நான் பேசினேன். "சுண்டைக்காய்ச் சாறு உள்ள எறங்கி ஷார்ட் ஆயிருச்சுங்க சார்" என்றேன்.

அந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று பலமுறை யோசித்திருக்கிறேன். பேசாமல் இருந்திருந்தால் கோழை என்று சொல்லி என்னை நானே விட்டுவிடலாம். நான் பேசாமல் இருக்கவில்லை. படித்த படிப்பிலிருந்து நாலு வார்த்தை பொறுக்கி, கேட்பவர் நம்பும்படி அடுக்கி, அவர் கையிலிருந்த தட்டின் மேல் வைத்தேன். காயில் கீறல்கூட விழவில்லை. சாறு ஏது? அங்கே இருந்த யாருக்கும் குனிந்து பார்க்கத் தோன்றவில்லை. இஞ்சினீர் சொன்னாகிவிட்டதே.

"சரி, நீ கீழ போப்பா" என்றார் முதலாளி. அவ்வளவுதான் பேச்சு. மறுநாள் பட்டியல் ஒட்டினார்கள். பதினோரு பெயர். ஃபிட்டரண்ணன் அதன் முன்னால் நின்று மேலிருந்து கீழே ஒரு தடவையும், கீழிருந்து மேலே ஒரு தடவையும் படித்தார். அந்த மாதத்தோடு அவரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கோபிப் பெண்ணுக்குத் தை மாதம் வேறிடத்தில் கல்யாணம் ஆனதாகக் கார்டிங் மிசின் பக்கம் பேசிக்கொண்டார்கள்.

பட்டியல் ஒட்டிய அன்று மதியம், டிகோடரைக் கழற்றிவிட்டு மோட்டாரை நேராக மின்சாரத்தில் கொடுத்தேன். சக்கரத்தை இரண்டு விரலால் பிடித்து நிறுத்தினேன். மீட்டர் ஒன்று புள்ளி எட்டு காட்டியது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பித்தளை எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. நோட்டில் 'நின்றால்:' என்பதற்கு எதிரே 1.8 என்று எழுதினேன். அன்று கையில் இருந்தது கறுப்புப் பேனா. அந்தப் பக்கத்தில் அந்த ஒரு எண் மட்டும் வேறு நிறத்தில் இருக்கிறது. யாரிடமும் காட்டவில்லை.

அடுத்து இரண்டு ஆம்பியர் டிகோடரை வரவழைத்தோம். நான்தான் எழுதிக்கொடுத்தேன். பால்காரர் ஹாரன் எஞ்சினுக்குள் ஏறி உட்கார்ந்தது. முதலாளி கண்ணை மூடிக் கேட்டார். "அப்படியே காரமடை" என்றார். எதற்காக நான் அந்த ஒரு ஆம்பியரைப் பிடித்துத் தொங்கினேனோ, அந்த வித்தியாசம் அவர் காதுக்கு எட்டவே இல்லை.

ஃபிட்டரண்ணனை அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவை பார்த்தேன், போத்தனூர் டவுன் பஸ்ஸில். ஏதோ லேத் பட்டறையில் வேலை என்றார். பட்டறை இருக்கும் இடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எழுந்து எனக்கு இடம் விட்டார். "நல்லா இருக்கீங்களா மேடம்?" என்றார். அம்மணி போய்விட்டிருந்தது. எதிரில் இருப்பவரை எவ்வளவு வெறுத்தாலும் வார்த்தையின் வாலில் ஒரு 'ங்க' வைத்துவிடுகிற ஊர் எங்களுடையது. அந்த மரியாதையில் ஒரு பொட்டுக்கூட அவர் குறைக்கவில்லை.

"இப்ப மாட்டியிருக்கறது எத்தன ஆம்ஸுங்க மேடம்?"

"ரெண்டுங்ணா."

கொஞ்ச தூரம் பஸ் போனது. "அப்ப, புடிச்சுப் பாத்துட்டீங்க" என்றார்.

நான் ஜன்னலைப் பார்த்தேன். ஸ்டாப் வந்ததும், "வாரேனுங்க மேடம்" என்று இறங்கினார்.

அவருக்குத் தெரிந்துவிட்டது மட்டும் போதவில்லை எனக்கு. பெங்களூரில் வேலை கிடைத்து ராஜினாமாக் கடிதம் கொடுக்கப் போன அன்று, முதலாளியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட முடிவு செய்தேன். போகிறவளுக்குத் தைரியம் மலிவுதானே. நோட்டைத் திறந்து மேசையில் வைத்து, சாறு இல்லீங்க சார், மோட்டார் எச்சா இழுத்துத்தான் எரிஞ்சுது, தப்பு என்னோடதுங்க என்றேன். அவர் நோட்டைப் பார்க்கவே இல்லை.

"அது எனக்கு அன்னைக்கே தெரியும் கண்ணு. முப்பது வருசமா மோட்டார் எரியற வாசத்துலதான மில்லு நடத்தறேன்."

எனக்குப் புரியவில்லை. "அப்புறம் ஏனுங்க சார்..."

"நீ ஒரு வார்த்தை சொல்லுவியான்னு பாத்தேன். சொல்லியிருந்தா ரெண்டு பேத்தையும் வெச்சிருப்பேன், உனக்கும் ஒண்ணும் ஆயிருக்காது. நீ அவன் மேல போட்ட. ஒறம்பரை அத்தன பேரு நிக்கறாங்க, எங்க இஞ்சினீரு பொய் சொல்றாங்கன்னு நானாச் சொல்லோணும்? இஞ்சினீரு மறுக்காக் கெடைக்க நாளாகும். ஃபிட்டரு அப்படியில்ல." கடிதத்தில் கையெழுத்துப் போட்டு என் பக்கம் தள்ளினார். "போயி நல்லா இரு."

நான் அழுதுகொண்டு வெளியே வந்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அழவில்லை. கோபம்தான் வந்தது. அவர் மேல் கோபப்பட்டுக்கொண்டே பஸ் ஏறினேன், பெங்களூர் வரை பட்டேன், அது எனக்கு வசதியாகவும் இருந்தது. அவர் சுண்டைக்காயைத் தட்டில் பார்த்தவர், எரிந்த வாசனையைப் புரிந்தவர், தெரிந்தே ஒரு ஆளைக் கீழே அனுப்பியவர். எல்லாம் சரி. ஆனால் ஃபிட்டரண்ணன் தட்டோடு நின்று பார்த்தது அவரை இல்லை.

இங்கே மோட்டார் கட்டுப்பாட்டுப் பலகைகள் செய்யும் கம்பெனியில் வேலை. சோதனைப் படிவத்தில், பிடித்து நிறுத்தினால் எத்தனை ஆம்பியர் என்ற கட்டம் காலியாக வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். புதிதாகச் சேர்ந்த பையன்கள் என்னைக் கறார் பேர்வழி என்கிறார்கள். மேலதிகாரி அதைப் பாராட்டிப் போன வருடம் ஒரு சான்றிதழ் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

இன்று டப்பாவைத் திறந்து, ஆபீஸிலிருந்து கொண்டுவந்த லென்ஸை வைத்து இதைப் பார்த்தேன். காய்ச்சாறு பட்ட செம்பு சும்மா இருக்காது. மாதம் ஒன்று போவதற்குள் பச்சையாகப் பூத்துவிடும், ஒரு சொட்டுப் பட்டாலும் போதும். கரும்புள்ளியைச் சுற்றிப் பார்த்தேன். ஒயர்கள் உறைக்குள் நுழையும் இடத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எங்கேயும் பச்சை இல்லை. நான் பற்றவைத்த முனைகள், பற்றவைத்த அன்று இருந்ததைப் போலவே பளபளவென்று இருக்கின்றன.